வலிக்காத காலுக்கு ஒரு காவல்

காலில் ஒரு சின்ன நெருஞ்சி முள் குத்தினால் போதும், "ஐயோ" என்று கத்திவிடுகிறோம். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, ஊக்கால் அந்த முள்ளை நெம்பி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. வலி என்றாலே நமக்கு எதிரி. அது தொலைந்தால் போதும் என்று தைலமும் மாத்திரையுமாக அலைகிறோம்.

ஆனால் அந்த "ஐயோ" வராமலே போய்விட்டால்? முள் குத்தியது தெரியாது. அதோடு நடப்போம், கோலம் போடுவோம், மாடி ஏறித் துணி உலர்த்துவோம். மூன்றாம் நாள் தரையில் ஈரமாக ஏதோ தெரிய, குனிந்து பார்த்தால் சீழ். "எப்போ குத்திச்சுன்னே தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்.

சர்க்கரை வியாதி பல வருஷம் ஆனவர்களில் பலருக்கு இதுதான் நிலைமை. ரத்தத்தில் ஏறின சர்க்கரை கால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. முதலில் எரிச்சல், பிறகு பஞ்சு மேல் நடப்பது போல ஓர் உணர்வு, கடைசியில் ஒன்றுமே தெரியாத மரத்துப் போன பாதம். ரத்த ஓட்டமும் குறைந்து, கிருமியும் சேர்ந்துகொண்டால், ஒரு விரலில் ஆரம்பித்தது முழங்கால் வரை போய்விடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். நம் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் என்று எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

மரத்துப் போன காலை எப்படிக் காப்பாற்றுவது? இதற்காக எழுபது எண்பது வருஷமாக ஆராய்ச்சி நடந்து வருகிறது. அதில் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டில், நமக்குத் தெரிந்த ஊர்களில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தொழுநோய் சொல்லிக் கொடுத்த பாடம்

உணர்ச்சி இல்லாத காலைப் பற்றி டாக்டர்கள் முதலில் பாடம் படித்தது தொழுநோயாளிகளிடம்தான். தொழுநோய்க் கிருமியும் நரம்பைத்தான் தாக்குகிறது.

அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கம் ஹவுசிங் போர்டு பக்கம் போகிறவர்கள் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1999-ஆம் ஆண்டு ஜூலையில் இரண்டு அமைப்புகளைச் சேர்த்து அதை உண்டாக்கினார்கள். அதில் ஒன்று ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆராய்ச்சிக் களப் பிரிவு. நான்கு விதத் தடுப்பு மருந்துகளை 1,71,400 பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, 1998-ல் முடிவு சொன்னவர்கள் அவர்கள். ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒரு செய்தி.

கிருமியைக் கொல்ல வழி கிடைத்துவிட்டது. 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ நோய் குணமாகிவிடும். ஆனால் ஏற்கெனவே செத்த நரம்பு பிழைத்து வராது. கிருமி போன பிறகும் கால் மரத்தே இருக்கும், புண் வந்துகொண்டே இருக்கும். அந்தக் காலை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்கள் வேலூர்க்காரர்கள்.

டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். அவர் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். லண்டனில் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அறுவைச் சிகிச்சை டாக்டராக வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகித் தானாக விழுந்துவிடும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்டுக்கு அது சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் ரத்தம், எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழிசல். அவனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை! இன்னொரு சமயம், ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் துண்டு காலையில் காணாமல் போயிருந்தது. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். தூங்கும்போது எலி வந்து கடித்துவிட்டுப் போகிறது. வலி இல்லாததால் தூக்கம் கலையவில்லை. அதற்குப் பிறகு, அங்கிருந்து வீடு திரும்புகிற ஒவ்வொரு நோயாளியும் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்று விதி வைத்தார்களாம்!

சிரிப்பாக இருந்தாலும் பெரிய உண்மை அதில்தான் இருந்தது. சதை தானாக அழுகவில்லை. காயம் படுகிறது, தெரியவில்லை, அதே இடத்தில் மறுபடி காயம் படுகிறது. அவ்வளவுதான். அப்படியென்றால் காயம் படாமல் தடுத்தால் காலும் விரலும் பிழைக்குமே! 1955-ல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் கத்தியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, செருப்புத் தைக்கிறவர்களோடு உட்கார்ந்தார்கள்.

செருப்பும் ஒரு சிகிச்சைதான்

நாம் நின்றுகொண்டே இருந்தால் கால் கடுக்கிறது. உடனே நம்மை அறியாமல் மற்றக் காலுக்கு பாரத்தை மாற்றுகிறோம். செருப்பு கடித்தால் விந்தி நடக்கிறோம். வலி செய்கிற வேலை இது. மரத்துப் போன காலில் அந்த மாற்றம் நடப்பதில்லை. பெருவிரலுக்குக் கீழே ஒரே இடத்தில் ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி என்று பாரம் விழுந்துகொண்டே இருக்கும். முதலில் அந்த இடம் சூடாகும். பிறகு தோல் காய்த்துப் போகும். காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணாகும். வெளியே தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கும்.

இதற்குக் கண்டுபிடித்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம். ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்று அறைகள் நிறைந்திருக்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் கால் அமுங்கித் தரையில் இடிக்கும், கெட்டியாக இருந்தால் குத்தும். விரலால் அழுத்தினால் குழிந்து, எடுத்ததும் எழும்பி வர வேண்டும். அந்தப் பதம் பார்த்துச் செய்த ரப்பர், பாரத்தை ஒரே இடத்தில் விழவிடாமல் பாதம் பூராவும் பரப்பிவிடுகிறது. அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான இன்னொரு அட்டை. ஆணி அடித்துச் செய்யக்கூடாது, பசையும் தையலும்தான். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் கட்டாயம். ஏனென்றால் உணர்ச்சி இல்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது!

இந்தச் செருப்பு சர்க்கரைக் காலுக்கும் உதவுமா என்பதைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ராயபுரத்தில் 1954 முதல் இருக்கிற எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையும், அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. ஏற்கெனவே கால் புண் வந்து ஆறின 241 பேரை எடுத்துக்கொண்டார்கள். 191 பேருக்கு எம்.சி.ஆர். போன்ற மெத்தை வைத்த விசேஷச் செருப்பு. மீதி 50 பேர் கெட்டி அட்டை உள்ள வழக்கமான செருப்பு. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், விசேஷச் செருப்பு போட்டவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் புதுப் புண். மற்றவர்களில் 100-க்கு 33 பேருக்கு! 2004-ல் இந்த முடிவு வெளியானது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெறும் செருப்பு செய்த வேலை இது.

இத்தனை நல்லதைப் போட்டுக்கொள்ள நம் பெண்களுக்கு மனசு வருகிறதா என்றால், அதுதான் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. டாக்டர் சொல்லி எம்.சி.ஆர். செருப்பு வாங்கி வந்து, பெட்டியோடு பரண்மேல் வைத்துவிட்டார். "இதைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு எப்படிம்மா போறது? பாக்கிறவங்க என்ன வியாதியோன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்பது அவர் கவலை. அவருடைய மருமகள் கெட்டிக்காரி. "பட்டுப் புடவை கட்டினா கீழ என்ன செருப்புன்னு யாருக்கு அத்தை தெரியப் போகுது?" என்று கேட்டாள். பெரியம்மா சிரித்துவிட்டார். அன்றைக்கே செருப்பு பரணிலிருந்து இறங்கிவிட்டது.

இன்னொரு தடை, வீட்டுக்குள் செருப்பு போடுவதா என்பது. சமையல் அறையிலும் பூஜை அறையிலும் செருப்போடு நடமாட யாருக்கும் மனசு ஒப்பாது. ஆனால் பாத்திரம் விழுந்து அடிபடுவதும், உடைந்த வளையல் துண்டு குத்துவதும், பால் கொட்டிச் சுடுவதும் வீட்டுக்குள்தானே! வாசலுக்கே போகாத தனி ஜோடி ஒன்றைக் கழுவி வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளலாம். பூஜை அறையில் மட்டும், தரையைப் பெருக்கித் துடைத்த பிறகு, ஒரு பாய் விரித்துக் கழற்றிவிட்டு உட்காரலாம்.

மாவுக்கட்டு செய்த மாயம்

புண் வந்தே விட்டால்? எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டு இங்கே கை கொடுக்கிறது. பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று எங்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டினாற்போல் கட்டுவார்கள். நடக்கும்போது பாரம் புண்ணின் மேல் விழாமல் கால் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும். இதுவும் 1930-களில் இலங்கையிலும் இந்தியாவிலும் கால் புண்களுக்குச் செய்து பார்த்த வைத்தியம்தான். 1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் உள்ள கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வேலூர் அனுபவமும் அவரோடு கடல் தாண்டிப் போயிற்று. சர்க்கரை நோயாளிகளின் காலும் இதே கால்தான் என்று அங்குள்ள டாக்டர்களுக்கு எடுத்துக் காட்டினார்.

1989-ல் அமெரிக்காவில் 40 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுக்கட்டு போட்ட 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறிவிட்டது, சராசரியாக 42 நாளில். வழக்கம்போல் மருந்து வைத்துக் கட்டின 19 பேரில் ஆறினது 6 பேருக்குத்தான். கழற்ற முடியாத கட்டு என்பதால்தான் இத்தனை பலன் என்கிறார்கள். கழற்ற முடிகிறதென்றால் நாம் சும்மா இருப்போமா? "இதோ, காபி மட்டும் போட்டுட்டு வர்றேன்" என்று கழற்றி வைத்துவிட்டு நடந்துவிடுவோமே! ஆனால் ரத்த ஓட்டம் ரொம்பக் குறைந்தவர்களுக்கும், புண்ணில் கிருமி அதிகமானவர்களுக்கும் இந்தக் கட்டு ஆகாது. அதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

பூசுவதும் மூடுவதும்

மேலே எதையாவது பூசிக் காப்பாற்ற முடியாதா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். நரம்பு கெட்டால் வியர்வையும் நின்றுவிடும். தோல் வறண்டு, வயல் போல வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழைகிறது. தொழுநோயாளிகளைக் காலைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, ஈரம் போகுமுன் எண்ணெய் தடவச் சொல்வார்கள். எண்ணெய் ஒரு மேல்பூச்சாக நின்று தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கும். சர்க்கரைக் காலை மட்டும் அதிக நேரம் ஊறவைக்கக் கூடாது. கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் போதும். விரல் இடுக்கில் தடவ வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

புண்ணை மூடவும் பலவிதப் பொருள்கள் வந்திருக்கின்றன. அடையாறு தோல் நிறுவனத்தார் கொலாஜன் என்ற புரதத்தை வைத்துப் புண்ணை மூடும் மெல்லிய ஏடுகள் பற்றிப் பல ஆராய்ச்சிகள் செய்திருக்கிறார்கள். தோல் பதனிடுகிற நிறுவனத்துக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மாட்டுத் தோலும் சரி, நம் தோலும் சரி, பெரும்பாலும் இந்தக் கொலாஜனால் ஆனதுதான். தீக்காயங்களில் இப்படிப்பட்ட ஏடுகள் நல்ல உதவி.

ஆனால் சர்க்கரைக் கால் புண்ணுக்கு இவற்றை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேச நிபுணர் குழு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்தப் புண்ணை ஆற்றுவதற்கென்று கொலாஜன் கட்டுகளைச் சிபாரிசு செய்யவில்லை. முதலில் புண்ணிலிருந்து பாரத்தை எடு, ரத்த ஓட்டத்தைப் பார், கிருமியை அடக்கு, சர்க்கரையைக் கட்டுக்குள் வை. மேலே எதை வைத்து மூடுவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். புண்ணின் மேல் நடந்துகொண்டே எந்த உயர்ந்த மருந்தைப் பூசினாலும் அது விழலுக்கு இறைத்த நீர்தான்.

செயற்கை வலி தோற்ற கதை

வலி போய்விட்டதே, அதையே செயற்கையாகச் செய்து கொடுத்தால் என்ன? கார்வில்லில் பிராண்ட் இதையும் முயன்று பார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் சின்னச் சின்னக் கருவிகள் வைத்தார்கள். அழுத்தம் அதிகமானால் காதில் ஒரு சத்தம் கேட்கும். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டார்கள், ஆனால் செய்த வேலையை நிறுத்தவில்லை! சரி என்று, அக்குளில் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி மாற்றினார்கள். அவசர வேலை இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைச் செய்தார்கள். பல வருஷ உழைப்புக்குப் பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். அணைக்க முடியாத வலியைக் கொடுத்த கடவுளின் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது!

அந்த முயற்சி வீண் போகவில்லை. புண் வருமுன் அந்த இடம் சூடாகிறது என்ற உண்மையை வைத்து இன்று காலுறைகளும் மிதியடிகளும் செய்கிறார்கள். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தின் சூட்டை ஒப்பிடுகின்றன இவை. வித்தியாசம் 2.2 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால், நடையைக் குறைத்துக்கொண்டு டாக்டரிடம் போகவேண்டும். இப்படிச் சூடு பார்த்துக்கொண்டவர்களுக்குப் புண் வருவது குறைந்ததாக 2004-லும் 2007-லும் வந்த அமெரிக்க ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கருவி எதுவானாலும், அது சொல்வதைக் கேட்டு நிற்கிறவருக்குத்தான் பலன்.

நம் வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முதலில் கால் மரத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையைப் பாதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டிலும் ஒரு சுலபமான சோதனை உண்டு. சர்க்கரை உள்ளவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி இலேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தரம் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

பிறகு தினசரிக் காரியங்கள்:

• ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு உட்படப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிவப்பு, கொப்புளம், காய்ப்பு, புதுச் சூடு, எது இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

• செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கை விட்டுப் பாருங்கள்.

• வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். மரத்த காலுக்கு ஒத்தடமும் வேண்டாம்.

• கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கிற மருந்துப் பட்டை ஒட்டுவதும் ஆபத்து.

• மெட்டி இறுகியிருந்தால் தளர்த்துங்கள். கால் வீங்கினால் மெட்டிக்கு அடியில் புண் வைத்தாலும் தெரியாது.

• எஸ்டேட் கம்பெனிகளில் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் போட்டு வேலை செய்கிற ஆண்களுக்கும் இது பொருந்தும். விரலைக் காக்கிற பூட்ஸே இறுகினால் விரலைக் கடிக்கும். வந்ததும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

• ஆடி மாதம் திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் போகிறவர்கள், கல் சுடுமுன் விடியற்காலையில் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி இல்லாத காலோடு தீ மிதிக்கிற வேண்டுதல் வேண்டாம். மாவிளக்கு ஏற்றினாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே சர்க்கரை பார்க்கப் போகிற அன்றைக்கே, "என் காலையும் பாருங்க டாக்டர்" என்று நாமே கேட்டு, செருப்பைக் கழற்றிக் காட்டிவிட வேண்டும். கேட்காமல் யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள்.

மாமனார் காலில் ஒரு கொப்புளம் வந்தால் ஓடிப் போய்ப் பார்க்கிற நாம், கணவருக்குச் செருப்பு கடித்தால் மருந்து தேடுகிற நாம், நம் காலை எப்போது பார்த்தோம்? பித்த வெடிப்பு என்று சொல்லிப் புடவைக் கொசுவத்துக்குள் மறைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறோம். ஒரு குடும்பம் நடமாடுவது அந்த இரண்டு கால்களில்தான். வலி காவல் இருந்த வரைக்கும் கவலை இல்லை. அது போன பிறகு அதன் வேலையை நம் கண்தான் செய்யவேண்டும். தினமும் ஐந்து நிமிஷம் உங்கள் காலுக்கென்று ஒதுக்குங்கள், சகோதரிகளே!